மருந்தறைச் சாவி

1911ஆம் ஆண்டில் மலாயாக் கூட்டு மாநிலங்களின் தோட்டங்களில் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 63. ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொழிலாளர்களில் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் அந்த ஒரே ஆண்டில் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்கள். காட்டை அழித்து ரப்பர் கன்று நட்டவர்களை மலேரியாக் காய்ச்சல் அள்ளிக்கொண்டு போனது.

அந்தக் காய்ச்சலுக்கு மருந்து இல்லாமல் இல்லை. சிங்கோனாப் பட்டையிலிருந்து கொய்னாவை 1820இலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் 1897 ஆகஸ்டில் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்துவிட்டார். கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டிலிருந்தே மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இயங்கிவந்தது. நோய் தெரியும், காரணம் தெரியும், மருந்தும் தெரியும். அந்த மருந்து பினாங்குத் துறைமுகத்திலிருந்து ரயிலேறி, மாட்டு வண்டி மாறி, செம்மண் பாதை கடந்து, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் நடுங்கிக் கிடப்பவரின் வாய்க்குப் போய்ச் சேர்வதில்தான் சிக்கல். எவ்வளவு வாங்குவது, எங்கே வைப்பது, யார் எடுத்துக் கொடுப்பது, அதற்கு யார் பணம் கட்டுவது என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒழுங்கான விடை கிடைக்கவே அரை நூற்றாண்டு பிடித்தது. பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள செமோரைச் சுற்றிப் பார்த்தால் அந்த வரலாறு முழுவதும் தட்டுப்படும்.

கிந்தாப் பள்ளத்தாக்கின் வடகோடியில் இருக்கிறது செமோர். ஒருபுறம் கிளேடாங் குன்றுகள், மறுபுறம் தீபகற்பத்தின் நடு மலைத்தொடர், இடையிடையே சுண்ணாம்புக்கல் பாறைகள். ஈயச் சுரங்கத்தை நம்பிச் சீனர்களும், ரப்பர் தோட்டங்களை நம்பித் தமிழர்களும் வந்து சேர்ந்த வட்டாரம். ஸ்ட்ராதிஸ்லா, சங்காட் கிண்டிங் என்று தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இங்கே இருக்கின்றன. இதுபோன்ற மலையடிவாரத் தோட்டங்களுக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. காடு அழிந்ததும் ஓடைகளில் வெயில் விழும். வெயில் படும் தெளிந்த ஓடைநீரில்தான் அனாஃபிலிஸ் மாகுலேட்டஸ் என்ற கொசு பெருகும். 1901இலிருந்து கிள்ளான் பகுதியில் மலேரியாவை எதிர்த்து வேலை செய்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்துக் கொசு வேறு, மலையோடைக் கொசு வேறு என்பதைத் தோட்டம் தோட்டமாக நடந்து கண்டறிந்தார். ஓடையை நிலத்தடிக் குழாயில் விடுவதும், தேங்கிய நீரில் எண்ணெய் தெளிப்பதும் அவர் சொன்ன வழிகள். இரண்டுக்கும் செலவாகும். செலவழிக்க மனமில்லாத தோட்டங்களுக்குக் கொய்னாவே மலிவான வழியாகத் தெரிந்தது.

கொய்னா வந்த வழியில் தமிழ் மண்ணும் இருக்கிறது. 1860ஐ ஒட்டி கிளெமென்ட்ஸ் மார்க்கமின் குழு தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிங்கோனா, நீலகிரியில் வேரூன்றியது. நடுவட்டத்தில் அரசாங்கத் தோட்டம் எழுந்தது, பின்னர் கொய்னாத் தொழிற்சாலையும் வந்தது. அங்கே வேலை செய்தவர்களில் சீனக் கைதிகளும் இருந்தார்கள். சிங்கப்பூர், பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியிருப்புகளின் சிறைகளில் இடம் போதாமல் மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். தண்டனை முடிந்ததும் சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்து நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவுகளில் காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்த அந்தக் குடும்பங்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். மலாயாவிலிருந்து போன சீனர் தமிழ் மலையில் கொய்னா மரம் வளர்த்த காலத்துக்குச் சற்றுப் பின்னால், தமிழர்கள் மலாயா மலையடியில் கொய்னா விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் உலகச் சந்தை நீலகிரியின் கையில் இல்லை. ஜாவாவில் டச்சுக்காரர்கள் வளர்த்த சிங்கோனா ரகத்தில் கொய்னாச் சத்து அதிகம். உலகத் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கிருந்தே வந்தது. 1913இல் ஆம்ஸ்டர்டாமில் அமைந்த கொய்னாக் கூட்டமைப்பு, பட்டைக்கும் மருந்துக்கும் விலையைக் கட்டி வைத்தது. மருந்து மொத்த வியாபாரத்தில் ஒரே இடத்துப் பிடி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது முன்னோடி. செமோர்த் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் கொய்னா என்ற வரிக்கு எதிரே எழுதப்பட்ட தொகையை ஐரோப்பாவில் உட்கார்ந்திருந்த சிலர் தீர்மானித்தார்கள்.

தோட்டத்தில் மருந்தறைச் சாவி டிரசர் என்ற மருத்துவ உதவியாளர் கையில். தோட்ட மேலாளரான துரைக்கும் எழுத்தரான கிராணிக்கும் அடுத்தபடி லயத்து மக்கள் வாழ்வைத் தீர்மானித்தவர் அவர். யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் இந்த வேலையில் அதிகம் இருந்தார்கள். அரசாங்க மருத்துவமனையில் பழகிக் கற்றுக்கொண்டு வந்தவர்கள் பலர். வருகை மருத்துவர் குறித்த நாட்களில் மட்டும் வந்து போவார். மற்ற நாட்களில் காயத்துக்குக் கட்டுவதும், காய்ச்சலுக்குக் கொடுப்பதும், பிரசவம் பார்ப்பதும், ஈப்போவுக்கோ பத்து காஜாவுக்கோ அனுப்ப வேண்டிய நோயாளி யார் என்று முடிவு செய்வதும் டிரசர்தான்.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கங்காணி பெயர் கூப்பிடுவார், கிராணி குறித்துக்கொள்வார். காய்ச்சல் மிகுந்த தோட்டங்களில் அந்த வரிசையிலேயே கொய்னாவும் வரும். கசப்பு தாங்காமல் துப்பிவிடுவார்கள் என்பதால் விழுங்கியதைப் பார்த்த பிறகே வேலைக்காட்டுக்கு விடுவார்கள். காது இரையும், தலை சுற்றும். அதோடுதான் பால் வெட்டப் போக வேண்டும். படுத்துவிட்டால் அன்றைய கூலி இல்லை. யார் நோயாளி, யார் வேலைக்குத் தகுந்தவர் என்று சொல்லும் அதிகாரமும் டிரசரிடம் இருந்ததால், மருந்து கொடுக்கிற கையே கூலியை வெட்டுகிற கையாகவும் இருந்தது. அவர் தோட்டத்தின் சம்பளக்காரர். ஆட்கள் அதிகம் படுத்தால் துரைக்குக் கோபம், மருந்துச் செலவு ஏறினால் கம்பெனிக்குக் கோபம். இந்த நெருக்கடிக்கு நடுவிலும் ஏழை பாழைகளுக்காக வாதாடிய டிரசர்களை லயத்து மக்கள் தலைமுறை தாண்டியும் மரியாதையோடு பேசிவந்தார்கள்.

அந்த மருந்தறைக்குள் இருந்ததைச் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகாது. கொய்னா, பேதி உப்பு, விளக்கெண்ணெய், அயோடின், கட்டுத்துணி, பஞ்சு, இருமலுக்கும் வயிற்றுவலிக்கும் பெரிய ஜாடிகளில் கலக்கி வைத்த மிக்சர். கொக்கிப்புழுவுக்குக் கெனபோடியம் எண்ணெய். நோயாளி வீட்டிலிருந்தே காலிப் புட்டி கொண்டுவர வேண்டும். மிக்சரை ஊற்றி, புட்டியின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய ஒரு காகிதத் துண்டை ஒட்டித் தருவார்கள். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அளவு தவறாமல் போய்ச் சேர அந்தக் காகிதம் உதவியது. சரக்கு குறைந்தால் டிரசர் பட்டியல் எழுதுவார், துரை கையெழுத்திடுவார், ஈப்போ அல்லது பினாங்கிலிருந்து பெட்டி வரும். பட்டியலில் ஒரு வரியை துரை அடித்துவிட்டால் அடுத்த பட்டியல் வரை அந்த மருந்து இல்லை. மழைக்காலத்துக்கு முன்பே கொய்னாவைக் கூடுதலாக வாங்கி வைப்பதா, காய்ச்சல் வந்த பிறகு வாங்குவதா என்ற ஒரு நிர்வாக முடிவில் சில உயிர்கள் நிற்கும் அல்லது போகும்.

தோட்டங்கள் மருத்துவமனை வைத்திருக்க வேண்டும், மருந்தை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியது. பெரிய தோட்டம் தனக்கென்று கட்டியது. சின்னத் தோட்டங்கள் சேர்ந்து பொது மருத்துவமனை வைத்துக்கொண்டன. தரம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறியது. 1924இல் கூட்டு மாநிலத் தோட்டங்களின் சுகாதாரத்தை ஆராய ஒரு குழு அமைந்தது. அதன் அடிப்படையில் 1926இல் சுகாதார வாரியச் சட்டம் வந்தது. எல்லாத் தோட்டங்களிடமும் வரி வாங்கி, மருத்துவத்தையும் மருந்தையும் பொது நிர்வாகத்தின் கீழ் கொண்டுவருவது நோக்கம். தோட்ட முதலாளிகள் ஒத்துழைக்கவில்லை. ரப்பர் விலை சரிந்த பொருளாதார மந்தக் காலத்தில் அந்த வாரியமே கலைந்துபோனது. மருத்துவத்தையும் மருந்தையும் ஒன்றாகச் சேர்த்து நடத்தும் யோசனை அத்தோடு நின்றது. அது நிலைபெற்றிருந்தால் எத்தனையோ லயங்களில் பிள்ளைகள் பிழைத்திருக்கும்.

தோட்டத்துக்கு வெளியே மருந்து வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங்கில் 1879இல் யூ கொங் என்பவர் மூலிகைக் கடை ஒன்றைத் திறந்தார். வலி தாங்க அபினையே நம்பியிருந்த ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சீன மூலிகை கொடுப்பது அதன் தொடக்கம். அவருடைய மகன் யூ தோங் சென் காலத்தில் யூ யான் சாங் என்ற பெயர் சுரங்க நகரங்கள் தோறும் கிளை விட்டது. சுரங்கம், கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் சேவை மூன்றும் ஒரே கையில் இருந்ததால் தொழிலாளி எங்கே கூடுகிறானோ அங்கே கடையும் போனது. வாடிக்கையாளர் இருக்கும் இடத்தை முதலில் பார்த்து அப்புறம் சரக்கை நகர்த்திய அந்தக் கணக்கு, இன்றைய மருந்துக்கடைத் தொடர்களுக்கும் அடிப்படை.

தமிழர்களுக்கு மளிகைக் கடையே மருந்துக்கடை. சுக்கு, திப்பிலி, ஓமம், வசம்பு, கடுக்காய் எல்லாம் அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே கிடைத்தன. இந்திய முஸ்லிம் வணிகர்கள் இந்தச் சரக்கைப் பினாங்கு வழியாக உள்நாடு வரை கொண்டுபோனார்கள். கோடாலித் தைலமும் புலித் தைலமும் சீனர் கடையிலிருந்து தமிழர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. 1893இல் தொடங்கிய அமிர்தாஞ்சனம் இந்தியக் கரையிலிருந்து வந்தது. கடன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பது வழக்கம். டிரசர் கொடுத்த மிக்சரில் நம்பிக்கை இல்லாதவர் கடைக்குப் போவார், கடைச் சரக்கில் தீராதவர் டிரசரிடம் வருவார், இரண்டிலும் தீராதவர் கோவிலில் விபூதி வாங்குவார்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஈப்போவைப் பிடித்தது. 1942 மார்ச்சில் ஜாவாவும் விழுந்தது. உலகத்தின் கொய்னாவில் பெரும்பகுதி ஜப்பான் கையில் இருந்தும் மலாயாத் தோட்டங்களுக்கு அது வரவில்லை. எண்ணெய் தெளிப்பும் வாய்க்கால் பராமரிப்பும் நின்றதால் கொசு பெருகியது. பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டு, காய்ச்சலிலும் காலராவிலும் அழுகிய புண்களிலும் மருந்தில்லாமல் மடிந்தார்கள்.

அந்தக் காலத்தில் கிந்தாப் பள்ளத்தாக்கில் மருந்தைப் பொறுப்போடு கையாண்டவர் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டிய பெயர் சிபில் கார்த்திகேசு. பயிற்சி பெற்ற தாதி, மருத்துவச்சி. கணவர் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசு இலங்கைத் தமிழ் வம்சாவளியினர். ஈப்போவின் புரூஸ்டர் சாலையில் 1926 முதல் இருவரும் கிளினிக் நடத்திவந்தார்கள். குண்டுவீச்சுக்குப் பிறகு பாப்பான் என்ற சிற்றூருக்கு இடம்பெயர்ந்து, 74ஆம் எண் வீட்டில் மீண்டும் மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். சுற்றுவட்டாரத்து ஏழைகள் பகலில் வந்தார்கள். காட்டிலிருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் இரவில் வந்தார்கள். குண்டு பாய்ந்தவருக்குச் சிகிச்சையும், காட்டில் கிடப்பவருக்கு மருந்தும் அந்த வீட்டிலிருந்து போயின. புதுச் சரக்கு எங்கிருந்தும் வராத காலத்தில், கையிருப்பை யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவது எத்தகைய பாரம்! 1943இல் ஜப்பானிய இராணுவப் போலீஸான கெம்பெய்தாய் அவரைப் பிடித்துச் சென்றது. சித்திரவதையில் முதுகெலும்பு சிதைந்தும் அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. விடுதலைக்குப் பின் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் அளித்தது. 1948 ஜூன் 12இல் ஸ்காட்லாந்தில் காலமானார். உடல் பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. பாப்பான் வீடு இன்றும் இருக்கிறது.

அவர் இறந்த நான்காம் நாள், செமோருக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத் துரையும், அருகிலிருந்த இன்னொரு தோட்டத்தின் வெள்ளைக்காரர் இருவரும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடு அவசரகாலத்துக்குள் போனது. 1950இலிருந்து பிரிக்ஸ் திட்டத்தின்படி ஊர்களை முள்வேலிக்குள் கொண்டுவந்தபோது, செமோர் வட்டாரத்திலும் புதுக்கிராமங்கள் எழுந்தன. கந்தானும் தானா ஹீத்தாமும் அவற்றில் அடங்கும். காட்டுக்குள் அரிசி போகக் கூடாது என்பதோடு மருந்தும் போகக் கூடாது என்று விதி வந்தது. கடைக்காரர்கள் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களின் இருப்பையும் விற்பனையையும் பதிவேட்டில் எழுத வேண்டும். இந்தக் கணக்கு போர்த் தேவைக்காக எழுதப்பட்டது. நோயாளியின் நலனுக்காகவே கணக்கு எழுதச் சொன்ன சட்டங்கள் அதே ஆண்டுகளில் வரிசையாக வந்தன.

1951இல் மருந்தாளர் பதிவுச் சட்டம். 1952இல் நச்சுப்பொருள் சட்டமும், மருந்து விற்பனைச் சட்டமும், அபாயகர மருந்துச் சட்டமும். 1956இல் விளம்பரச் சட்டம். இவை வந்த பிறகு மருந்தைக் கையாள்வது யார், எந்த மருந்தை மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, எதை மருந்தாளர் தம் புத்தகத்தில் எழுதிவிட்டுத் தரலாம், எதைப் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் வந்துவிட்டது. மொத்த வியாபாரிக்குத் தனி உரிமம். நீரிழிவு, ஆஸ்துமா, புற்றுநோய் உட்பட இருபது வகை நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யத் தடை. சந்தையில் கூட்டம் கூட்டி லேகியம் விற்றவர்களுக்கு அது பெரிய அடி. லயத்து மக்களுக்கு அது பெரிய பாதுகாப்பு.

டிரசருக்கும் சட்டம் வந்தது. 1965ஆம் ஆண்டின் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம், தகுதியும் பதிவும் இல்லாதவர் தோட்ட மருந்தறையை நடத்த முடியாது என்றாக்கியது. மருந்துகளும் மாறிவிட்டன. முப்பதுகளில் அட்டெப்ரின் வந்தது. கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்தில் ஜே. டபிள்யூ. ஃபீல்ட் அதைக் கொய்னாவோடு ஒப்பிட்டுச் சோதித்தார். இரத்தத் துளியில் மலேரியாக் கிருமியைக் காட்டும் அவருடைய சாயம் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படுகிறது. போருக்குப் பின் வந்த புரோகுவானில், மலாயாவில் 1950 வாக்கிலேயே தோற்கத் தொடங்கியது. கிருமி அதை எதிர்க்கக் கற்றுக்கொண்டது. ஒரே மருந்தை எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்தால் சில ஆண்டுகளில் அந்த மருந்தே கையைவிட்டுப் போகும் என்று தோட்டங்கள் கற்ற பாடம், இன்று ஆண்டிபயாட்டிக் விற்கும் ஒவ்வொரு கடைக்கும் பொருந்தும்.

மருந்து நல்லதா கெட்டதா என்று சோதிக்க நாட்டுக்கென்று ஆய்வுக்கூடம் வந்தது 1978இல், பெட்டாலிங் ஜெயாவில். 1984இல் மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகள். மறு ஆண்டு மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம். அதுமுதல் விற்பனைக்கு வரும் மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருந்தாக வேண்டும். கையிலெடுத்துப் பார்த்தால் அந்த மூன்று எழுத்துகளுக்குப் பின் எட்டு இலக்கங்கள், அதற்குப் பின் ஓர் எழுத்து. ஏ என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, எக்ஸ் என்றால் சீட்டில்லாமல் வாங்கக்கூடியது, டி என்றால் பாரம்பரிய மருந்து, என் என்றால் சத்துணவுத் துணைப்பொருள். நாட்டு மருந்துகளையும் 1992 முதல் இந்தப் பதிவுக்குள் கொண்டுவந்தார்கள். 2005இல் போலிகளைப் பிடிக்க மினுமினுக்கும் ஒட்டுவில்லை சேர்ந்தது. மூட்டுவலிக்கு உடனே கேட்கும் நாட்டு மாத்திரை என்று சொல்லி ஸ்டீராய்டு கலந்து விற்பவர்கள் இன்னும் பிடிபடுகிறார்கள். அந்த எண்ணைத் தேடிப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் பரவவில்லை என்பது வருத்தம்.

1994 மருந்து விநியோகத்தில் கவனிக்க வேண்டிய ஆண்டு. வங்காள விரிகுடாவின் இரு கரையிலும் அதே ஆண்டில், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்ற கேள்விக்கு நேரெதிரான இரு விடைகள் பிறந்தன.

மலேசியா அரசாங்க மருந்துக் கிடங்கைத் தனியாருக்குக் கொடுத்தது. பதினைந்தாண்டு ஒப்பந்தம். பின்னாளில் பார்மாநியாகா என்று அறியப்பட்ட நிறுவனம், ஒப்புதல் பட்டியலில் உள்ள மருந்துகளை வாங்கி, சேமித்து, நாடெங்கும் மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வண்டியேற்றி அனுப்பியது. பட்டியலில் இல்லாததற்கு அமைச்சின் ஒப்பந்தப்புள்ளி, சிறு தொகைக்கு உள்ளூர் விலைக்கேட்பு. கணினிமயமான கிடங்கும், நேரத்துக்கு வரும் வண்டியும் இதன் நன்மை. ஒரே நிறுவனத்திடம் நாட்டின் மருந்து சிக்கிக்கொண்டதே என்ற விமர்சனமும் அன்றிலிருந்து ஓயவில்லை.

தமிழ்நாடு 1994 ஜூலை 1இல் அரசின் சொந்த நிறுவனமாகத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பதிவு செய்தது. 1995 ஜனவரியில் மருந்து போகத் தொடங்கியது. அதற்கு முன் ஒவ்வொரு துறையும் மருத்துவமனையும் தனித்தனியாக வாங்கிக்கொண்டிருந்தது. விலையிலும் தரத்திலும் ஏகப்பட்ட முறைகேடு. கழகம் சில நூறு அத்தியாவசிய மருந்துகளை மட்டும் பட்டியலிட்டது. ஒப்பந்தப்புள்ளியை இரண்டு உறைகளில் கேட்டது. முதல் உறையில் நிறுவனத்தின் தகுதி, இரண்டாவதில் விலை. தகுதியில் தேறாதவரின் விலை உறையைப் பிரிப்பதே இல்லை. வந்த சரக்கில் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயர் தெரியாதபடி மறைத்து, ஆய்வகங்களுக்கு அனுப்பித் தேறிய பின்பே மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியே விட்டது. மாத்திரை அட்டையில் கழகத்தின் முத்திரை அச்சானதால் அது வெளிச் சந்தைக்குக் கசிவது கடினமானது.

எல்லாவற்றிலும் அழகான ஏற்பாடு பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதன் ஆண்டு ஒதுக்கீட்டை எழுதிய ஒரு புத்தகம். வேண்டிய மருந்தை வேண்டிய அளவுக்குக் கிடங்கில் எடுத்துக்கொள்ளலாம், எடுத்ததன் மதிப்பு புத்தகத்தில் கழியும். ஒதுக்கீட்டில் தொண்ணூறு விழுக்காடு கழகத்தின் வழி, பத்து விழுக்காடு அவசரத்துக்கு உள்ளூரில். மேலிருந்து தள்ளிவிடும் மருந்தைக் கீழே இருப்பவர் வாங்கிக் கெட்டுப்போக விடும் நிலை இதனால் குறைந்தது. நோயாளியைப் பார்க்கிறவரே தேவையைச் சொல்கிறார், அதற்குக் கணக்கும் காட்டுகிறார். பின்னாளில் கேரளமும் ராஜஸ்தானும் இதே வழியில் தங்கள் கழகங்களை அமைத்தன. செமோர்த் தோட்டத்து டிரசரிடம் இப்படி ஒரு புத்தகம் இருந்திருந்தால், அவர் எழுதிய பட்டியலை துரையின் பேனா அடித்திருக்க முடியாது.

தொண்ணூறுகளுக்குள் தோட்டங்களே மறையத் தொடங்கிவிட்டன. ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. ஈப்போ வடக்கே வளர வளர, செம்பனைக்குப் பதில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. மருந்தறைகள் பூட்டப்பட்டன. லயத்தில் பிறந்தவர்கள் தாமான் எனப்படும் அந்த வீடமைப்புப் பகுதிகளில் குடியேறினார்கள். மருத்துவச் செலவு தோட்டத்தின் கடமையாக இருந்தது போய் அவரவர் சட்டைப்பைக்கு வந்தது.

அதே மண்ணில் இன்று மருந்து உற்பத்தியாகிறது. 1941 வாக்கில் ஹோ காய் சியோங் ஈப்போவில் விற்கத் தொடங்கிய மூலிகைத் தேநீர், ஹோ யான் ஹோர் என்ற பெயரில் வீடுகள்தோறும் பரவியது. அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை 1980இல் ஹோவிட் என்ற நவீன மருந்து நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் தொழிற்சாலைகளில் ஒன்று ஈப்போ–செமோர் சாலையில் ஏழரை மைல் கட்டையில் இருக்கிறது. அதே வளாகத்தில் செம்பனை எண்ணெயிலிருந்து வைட்டமின் இ வகைச் சத்தைப் பிரித்தெடுத்து ஏற்றுமதி செய்யும் தொழிலும் வளர்ந்தது. கோப்பெங் மூலிகைக் கடையும் ஈப்போத் தேநீரும் தலைமுறை கடந்து நின்றதற்குக் காரணம் சரக்கில் ஒரே தரம், பெயரில் கவனம், ஊர் ஊராகக் கொண்டுபோகும் வலைப்பின்னல். தமிழ் வணிகர்களின் சுக்கும் திப்பிலியும் அப்படி ஒரு நிறுவனமாகத் திரளவில்லை.

சிறுநகர மருந்துக்கடைக்கு இன்று வேறு வகையான நெருக்கடி. 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து கொடுக்க இடமளிக்கிறது. மருந்தாளர் இல்லாத காலத்து ஏற்பாடு அது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1972இல் மருந்தியல் படிப்பைத் தொடங்கியதிலிருந்து மருந்தாளர்கள் பெருகிவிட்டார்கள், ஏற்பாடு மட்டும் மாறவில்லை. காய்ச்சலுக்குக் கிளினிக் போனால் ஊசியும் மாத்திரையும் ஒரே கட்டணத்தில் வந்துவிடும். பார்மசிக்கு மிஞ்சுவது நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்டரால் போன்ற நெடுநாள் நோய்க்காரர்கள். மொத்த வியாபாரி அதிகம் வாங்குகிறவருக்குத் தள்ளுபடி தருவார், அதனால் தொடர்கடைக்கு ஒரு விலை, தனிக்கடைக்கு ஒரு விலை. தவணை முடியுமுன் சரக்கு விற்க வேண்டும், காலாவதி நெருங்கியதை முன்வரிசையில் வைக்க வேண்டும், இன்சுலினைக் குளிர் குறையாமல் காக்க வேண்டும். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஆறு மாதச் சரக்கை ஒரேயடியாக வாங்கி, பாதியைக் காலாவதியில் இழந்து கடையை மூடியவர்கள் உண்டு.

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக்கடைகளும் மருந்து விலையை வாடிக்கையாளர் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. தனியார் மருத்துவர்கள் எதிர்த்துப் புத்ராஜெயாவில் திரண்டார்கள். தங்கள் ஆலோசனைக் கட்டணம் நெடுங்காலம் உயராததையும் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. நோயாளி விலை தெரிந்துகொள்வதிலும் நியாயம் உண்டு. கட்டணத்தையும் மருந்து விலையையும் பிரித்துக் காட்டினால் இருவருக்கும் நன்மை என்பதே இந்தப் பிணக்கின் தீர்வாக இருக்க முடியும்.

தோட்டத்து முதியவர்களில் பெரும்பாலோர் இன்னும் அரசாங்க மருந்தையே நம்பியிருக்கிறார்கள். மிகக் குறைந்த செலவில் கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் கிடைக்கும். ஈப்போப் பெரிய மருத்துவமனையில் மருத்துவரைப் பார்த்தவர், தொடர் மருந்துக்கு ஒவ்வொரு மாதமும் அங்கே போய் நம்பர் எடுத்துக் காத்திருக்கத் தேவையில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள அரசு கிளினிக்கின் மருந்துப் பிரிவிலேயே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அஞ்சலில் பெறவும் வழி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகப் புட்டியில் காகிதப் பல் ஒட்டிக் கொடுத்த ஊரில், இந்த வசதிகள் இருக்கும் செய்தி எழுபது வயதுப் பாட்டிக்குத் தெரியாமல் போகக் கூடாது. செமோர், சுங்கை சிப்புட் வட்டாரக் கிளினிக்குகளில் இதைத் தமிழிலும் எழுதி ஒட்ட வேண்டும், கோவில் திருவிழாவிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் வாயால் சொல்லவும் வேண்டும்.